பயிற்சி முதலில், பேப்பர் பிறகு: டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் கற்கும் அனுபவம்

ஒரு வருடத்துக்கும் மேலாக, வேலை முடிந்த இரவுகளிலும் ஞாயிறுகளிலும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கணினிகள் நெட்வொர்க்கில் பேசிக்கொண்டு ஒரே சிஸ்டமாக இயங்குவது) படித்துவருகிறேன். காசு கொடுத்து கோர்ஸ் எதுவும் வாங்கவில்லை. கிளவுட் நிறுவனமான ஃப்ளை.ஐஓவின் காசிப் குளோமர்ஸ் பயிற்சிகள், எம்ஐடியின் 6.824 லேப்கள் (இப்போது பாட எண் 6.5840), கூடவே பழைய ஆய்வுப் பேப்பர்கள். எல்லாமே இலவசம், ஒரு லேப்டாப் போதும்.

தொடங்குபவர்களுக்கு காசிப் குளோமர்ஸ்தான் என் சிபாரிசு. கைல் கிங்ஸ்பரியின் மேல்ஸ்ட்ரோம் என்ற கருவியில் இது ஓடுகிறது. நாம் எழுதும் புரோகிராம்தான் ஒரு நோட், அதாவது சிஸ்டத்தில் ஒரு கணினி மாதிரி. ஸ்டாண்டர்ட் இன்புட்டில் ஜேசன் மெசேஜ் வரும், அவுட்புட்டில் பதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். நெட்வொர்க்கைத் தாமதப்படுத்துவதும் துண்டிப்பதும் மேல்ஸ்ட்ரோமின் பொறுப்பு. எக்கோ, யூனிக் ஐடி எல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு நோடுக்கு வந்த தகவலை எல்லா நோடுகளுக்கும் பரப்பும் பிராட்காஸ்ட்டில்தான் ஆட்டம் ஆரம்பம். 25 நோடுகள், ஒவ்வொரு மெசேஜுக்கும் 100 மில்லிசெகண்ட் தாமதம். ஒரு ஆபரேஷனுக்கு 30 மெசேஜுக்குள் முடிய வேண்டும். மீடியன் லேட்டன்சி (தகவல் பரவ ஆகும் நேரத்தின் நடுமதிப்பு) 400 மில்லிசெகண்டைத் தாண்டக் கூடாது. ஒரு நோடை நடுவில் உட்காரவைத்து எல்லாவற்றையும் அதன் வழியாகவே அனுப்பினால் இலக்கு எட்டிவிடும். ஆனால் அந்த ஒரு நோட் துண்டிக்கப்பட்டால், மீதி 24-ம் ஒன்றோடொன்று பேச வழியில்லை. பாஸ் ஆன பிறகும் யோசிக்கவைக்கும் பயிற்சி இது.

இதன் எல்லை ஒன்றுதான். இங்கே நெட்வொர்க் அறுபடும், ஆனால் நோட் சாவதில்லை. அதனால் டிஸ்கில் எதை எழுதிவைக்க வேண்டும் என்ற கேள்வியே எழாது. அதற்கு எம்ஐடி லேப் வேண்டும். கோ மொழியில் ராஃப்ட்டை நாமே எழுத வேண்டும். எல்லா நோடுகளையும் ஒரே பதிவு வரிசையில் ஒத்துப்போகவைக்கும் அல்காரிதம் அது; நோடுகள் ஓட்டுப் போட்டு ஒரு லீடரைத் தேர்ந்தெடுக்கும், பதிவுகளை அந்த லீடர் மற்ற நோடுகளுக்கு அனுப்பும். டெஸ்ட்டுகள் நோடைக் கொல்லும், எழுப்பும், மெசேஜைத் தொலைக்கும். பலமுறை பாஸ் ஆன டெஸ்ட் திடீரென்று விழும். கோட் எழுதும் நேரத்தைவிட, புரோகிராம் ஓடும்போது எழுதிவைக்கும் லாக்கை வாசிக்கும் நேரம் அதிகம். தீர்வுகளைப் பொதுவில் போடாதீர்கள் என்று பாடக்குழு கேட்டுக்கொள்கிறது. தேடினால் கிடைக்கும்தான், பார்த்துவிட்டால் அப்புறம் லேப் செய்து பயனில்லை.

ஆங்கரோவும் ஔஸ்டர்ஹவுட்டும் 2014-ல் வெளியிட்ட ராஃப்ட் பேப்பரில் படம் 2 மட்டும் போதும் என்று முதலில் தோன்றும். விதிகள் அத்தனையும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. என் கண்ணைத் திறந்தது படம் 8. பழைய டெர்மின் (ஒவ்வொரு தேர்தலோடும் தொடங்கும் காலகட்டம்) பதிவு பெரும்பான்மை நோடுகளில் இருந்தாலும், அந்த எண்ணிக்கையை மட்டும் நம்பி புதிய லீடர் அதைக் கமிட் செய்யக் கூடாது, அதாவது இனி மாறாது என்று உறுதிசெய்யக் கூடாது. தன் டெர்மின் பதிவு ஒன்று பெரும்பான்மைக்குப் போய்ச் சேர்ந்தால், பழையதும் அதோடு சேர்ந்து கமிட் ஆகும். வெறுமனே வாசிக்கும்போது ஏதோ ஓரத்து விதிவிலக்கு போலிருக்கும். பெரும்பான்மையிடம் இருந்த பதிவையே அடுத்த லீடர் மேலெழுதி அழிக்க முடியும் என்று லாக்கில் வரிவரியாகத் தொடர்ந்து பார்த்தால்தான் உறைக்கும்.

ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சனின் 1985 பேப்பரும் அப்படித்தான். மெசேஜ் வந்துசேர நேர வரம்பே இல்லாத நெட்வொர்க்கில் ஒரே ஒரு நோட் செத்துப்போகலாம் என்றாலும், ஒருமித்த முடிவு எப்போதும் எட்டப்படும் என்று எந்த டிடர்மினிஸ்டிக் (ரேண்டம் எதுவும் கலக்காத) அல்காரிதமும் உறுதி தர முடியாது என்கிறது. எல்லா நோடுகளும் ஒன்றாகத் தேர்தலில் நின்று ஓட்டு சிதறுவதை டெஸ்ட்டில் பார்த்த பிறகு இதை எடுங்கள். ராஃப்ட் ஏன் தேர்தல் டைம்அவுட்டை (லீடரிடமிருந்து செய்தி வராவிட்டால் தேர்தலில் நிற்கும் முன் ஒரு நோட் காத்திருக்கும் நேரம்) 150 முதல் 300 மில்லிசெகண்டுக்குள் ரேண்டமாக வைக்கச் சொல்கிறது என்பதும் அப்போது புரியும்.

லாம்போர்ட் 1978-ல் கடிகாரங்களைப் பற்றி எழுதியதை மட்டும் பயிற்சிகளுக்கு முன்பே படித்துவிடலாம். ராஃப்ட்டுக்கு முந்தைய ஒருமித்த முடிவு அல்காரிதமான பேக்ஸோஸ் பற்றி 1998-ல் வந்த அவருடைய பேப்பர், ஒரு கிரேக்கத் தீவின் பாராளுமன்றக் கதையாக நீளும். அந்த வேடிக்கைக்குப் பொறுமை இருந்தால் படியுங்கள். கதையை விட்டுவிட்டு 2001-ல் அவரே எழுதியது போதும். அதையும் உங்கள் ராஃப்ட் ஓடத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.