செவ்வாய்க்கிழமை பன்னர்கட்டா டூர்: ₹6,750 போச்சு, நீங்களாவது உஷாரா இருங்க

போன செவ்வாய் நடந்தது. இன்று சனி, இன்னும் வயிறு எரிகிறது. பணம் கட்டுமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகப் பட்டியல் போடுகிறேன், முதலில் கதையைக் கேளுங்கள்.

ஓசூர் சிப்காட்டில் வேலை. வார விடுப்பு செவ்வாய். பெங்களூரு லால்பாக் பூங்காவில் சுதந்திர தின மலர்க் கண்காட்சி, அப்புறம் பன்னர்கட்டா வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, வண்டி, டிக்கெட், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,350 என்று ஒரு டூர்க்காரரின் விளம்பரம் போனில் வந்தது. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். மொத்தம் 6,750 ரூபாய்.

கேட்காமல் ஒன்றும் கட்டவில்லை. "செவ்வாய்க்கிழமை பார்க் இருக்குமாண்ணா?" என்று கேட்டேன். "செவ்வாய்னா கூட்டமே இருக்காது தம்பி, நிம்மதியா பாக்கலாம்" என்றார். தானும் ஓசூர்தான் என்றார். பாப்பாவுக்கு என்ன வயசு, வண்டியில் வாந்தி எடுக்குமா என்றெல்லாம் விசாரித்தார். அந்த விசாரிப்பில்தான் விழுந்தேன். மொத்தத்தையும் அவருடைய சொந்த நம்பருக்கே ஜிபே பண்ணினேன்.

லால்பாக் வாசலிலேயே முதல் அடி. "டிக்கெட் பத்தி எனக்குச் சொல்லலையே" என்றார் டிரைவர். வார நாளில் நூறு ரூபாய்க்குள் முடிகிற டிக்கெட், சரி போகட்டும் என்று கவுண்டரில் நானே வாங்கினேன். 1889-ல் கட்டிய கண்ணாடி மாளிகை, உள்ளே பூ அலங்காரம், அதில் ஒரு குறையும் இல்லை. அம்மா ரோஜாவை விட்டு நகரவே மாட்டேன் என்றார். சாப்பாடு ஆளுக்கு ஒரு பொட்டலம் சித்ரான்னம், ஆறிப்போனது.

பன்னர்கட்டா போனால் கேட் பூட்டிக் கிடக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி எழுந்திருக்கக்கூட இல்லை. "மங்களவாரா ரஜா" என்றார். ஒவ்வொரு செவ்வாயும் விடுமுறையாம்! கூட்டம் எப்படி இருக்கும்? 2006-ல் திறந்த பூங்கா, நாட்டிலேயே முதலாவது, கூரை போட்ட கூடத்துக்குள் பட்டாம்பூச்சி தோளில் வந்து உட்காரும் என்று மகளுக்கு ஒரு வாரமாகக் கதை சொல்லி வைத்திருந்தேன். பட்டாம்பூச்சி கிளிப் குத்திக்கொண்டு வந்தவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அதுங்களுக்கும் லீவாப்பா?" என்கிறாள்.

அங்கிருந்தே போன் போட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்." சாயங்காலம், "பார்க்காரங்க திடீர்னு மூடிட்டாங்க தம்பி." புதன், "ஆபீஸ்ல பேசிட்டு ரெண்டு நாள்ல போட்டுடறோம்." வியாழன், பணத்துக்குப் பதில் அடுத்த டூரில் 10 சதவீதத் தள்ளுபடியாம். 6,750 எங்கே, இவர் தள்ளுபடி எங்கே! வெள்ளி, என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். மனைவி போனிலிருந்து புது ஆள் மாதிரி விசாரித்தோம். "செவ்வாய் வாங்கம்மா, கூட்டமே இருக்காது." என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அதனால்தான் இங்கே பெயர் போடவில்லை.

பட்டியல் என்றேன் இல்லையா. பன்னர்கட்டா செவ்வாய் லீவு. டிக்கெட்டைக் கவுண்டரிலோ பூங்காவின் சொந்த இணையதளத்திலோ நீங்களே வாங்குங்கள். தனி ஆள் நம்பருக்கு முழுப் பணமும் போடாதீர்கள். வேறு இருந்தால் அப்புறம் எழுதுகிறேன், நைட் ஷிப்டுக்கு பஸ் வந்துவிட்டது.