புதுசு என்று விற்ற டைவ் கம்ப்யூட்டர், மூன்று மீட்டர் குறைத்துக் காட்டியது

ஸ்கூபா டைவிங் இப்போதுதான் கற்றுக்கொண்டு, சொந்தமாக ஒரு டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு, இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று காட்டும், மணிக்கட்டில் கட்டும் கருவி) வாங்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எனக்குப் போனது 24,000 ரூபாய். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆகியிருக்கலாம்.

அந்தமானில் ஹேவ்லாக்கில் ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்பப் பயிற்சியை முடித்தேன். 18 மீட்டர் வரை இறங்கலாம் என்று அட்டை கிடைத்தது. அங்கே காலையில் ஒரு வாடகைக் கம்ப்யூட்டர், மதியம் வேறொன்று. ஆழத்தில் நாம் மூச்சில் இழுக்கும் நைட்ரஜன் அழுத்தத்தால் உடம்பில் கரைகிறது. அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும்போது சட்டென்று மேலே வந்தால் அது குமிழாகி உடம்பைப் பாதிக்கும். மேலே வந்த பிறகும் பல மணி நேரம் உள்ளேயே இருக்கிறது. இன்னும் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு காலையில் கையில் கட்டிய கம்ப்யூட்டரிடம்தான் இருக்கும். மதியம் கட்டும் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நாம் அன்று தண்ணீரில் இறங்கவே இல்லை. அதனால் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சென்னையில் டைவிங் சாமான் விற்கும் ஒருவரிடம் போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. "டிஸ்ப்ளே பீஸ் சார், ஒரு தடவைகூட தண்ணில இறங்கல" என்றார். பெட்டி இருந்தது, கையேடு இருந்தது, திரைமேல் ஒட்டும் பிளாஸ்டிக்கூட இருந்தது. பில் கேட்டேன். "பில் போட்டா ஜி.எஸ்.டி. சேர்ந்து விலை ஏறிடும் சார்" என்று ஒரு துண்டுச் சீட்டில் மாடலையும் தொகையையும் எழுதிக் கொடுத்தார். வாரண்டி இரண்டு வருடம் என்று வாய்வார்த்தை. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பிவிட்டு வந்தேன்.

அதன்பிறகு புதுச்சேரியில் இரண்டு டைவ். முதல் டைவில் எதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இரண்டாவது டைவில் மீன்கூட்டம் ஒன்றைப் பார்த்தபடி, கூட்டிப்போன அண்ணனுக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தேன். தற்செயலாக இரண்டு பேர் மணிக்கட்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவருடையது 18.2 மீட்டர் என்றது. என்னுடையது 15.4. அவர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், உடனே மேலே போகலாம் என்று கட்டைவிரலைக் காட்டினார். மெதுவாக ஏறி, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, படகுக்கு வந்தோம். அந்த நிறுத்தத்துக்கும் அவர் கம்ப்யூட்டரைத்தான் பார்த்தோம்.

"தம்பி, இதைக் கட்டிக்கிட்டு இனிமே இறங்காத" என்றார். அப்புறம் படகில் இருந்த வேறு இரண்டு கம்ப்யூட்டரோடு என்னுடையதையும் ஒரே வலைப்பையில் போட்டு, எடைக்கல் கட்டிக் கயிற்றில் இறக்கினார். தூக்கிப் பார்த்தபோது மற்ற இரண்டிலும் அதிகபட்ச ஆழம் 10.1, 10.3. என்னுடையதில் 8.6.

மூன்று மீட்டர்தானே என்று தோன்றலாம். நான் படித்த டைவ் அட்டவணைப்படி, வழியில் நிறுத்தங்கள் கட்டாயமாகாமல் மேலே வர, 18 மீட்டரில் 56 நிமிடம் வரை இருக்கலாம். 15.4-க்கு அட்டவணையில் அடுத்து வரும் 16 மீட்டரில் 72 நிமிடம். நிஜத்தில் 18-ல் இருக்கும் ஒருவருக்கு 'நீ 15-ல்தான் இருக்கிறாய்' என்று காட்டும் கருவி, கால் மணி நேரத்துக்கு மேல் இல்லாத அவகாசத்தை இருப்பதாகக் காட்டுகிறது. மீதி நேரம், பாதுகாப்பு நிறுத்தம், வேகமாக ஏறினால் அடிக்கும் அலாரம் எல்லாமே அந்த ஒரு சென்சார் சொல்லும் ஆழத்தை நம்பித்தான். புதிதாக இறங்குபவருக்கு இது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கும் அனுபவம் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "நல்ல தண்ணி, உப்புத் தண்ணி செட்டிங் வித்தியாசம் சார், எல்லாத்துலயும் வரும்" என்றார். அந்த வித்தியாசம் உண்மைதான். ஆனால் அது கிட்டத்தட்ட மூன்று சதவீதம், 18 மீட்டரில் சுமார் அரை மீட்டர்தான். இதைச் சொன்னதும் "நீங்க கீழ போட்டிருப்பீங்க" என்று மாற்றிக்கொண்டார்.

அன்று இரவு அண்ணன் சொல்லிக் கொடுத்தபடி மெனுவில் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்தேன். டைவ் பதிவுகளை அழித்துவிட்டிருந்தார்கள். ஆனால் நிறையக் கம்ப்யூட்டர்களில் மொத்தக் கணக்கைப் பயனரால் அழிக்க முடியாது. மொத்தம் 186 டைவ், அதிகபட்ச ஆழம் 43.6 மீட்டர். இதில் என்னுடையது இரண்டே இரண்டு. பேட்டரி மூடியைத் திருப்பிப் பார்த்தால் காசு வைத்துத் திறந்த கீறல்கள். சீரியல் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்பினேன். வேறொரு நாட்டில் ஏற்கெனவே பதிவானது, வாரண்டி முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

கடையிலேயே அந்த ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பயன்படுத்தியதை வாங்குவது தப்பே இல்லை, அப்படிச் சொல்லி விற்க வேண்டும். சீரியல் எண் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். எங்கே வாங்கினாலும், முதல் டைவில் கூட வருபவரின் கம்ப்யூட்டரோடு ஒரே மட்டத்தில் வைத்துப் பாருங்கள். புதுப்பெட்டியில் வந்ததையும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் யு.பி.ஐ. விவரமும், 'புது பீஸ்' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் இருக்கின்றன. பேசி முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

போன வாரம் அவரே அழைத்தார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தால் பாதிப் பணம் தருகிறாராம். அதே பெட்டியில் வைத்து அடுத்து வரும் புதியவருக்கு விற்பார் என்பதால் கொடுக்கவில்லை. என் அலமாரியில்தான் இருக்கிறது.