செட்டிபாளையம் காற்றுக்கு எந்தப் பந்து?

கோல்ஃப் பந்து வாங்க வருகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இதில் எது அதிக தூரம் போகும்?" என்றுதான். அந்தக் கேள்விக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. விதிப்படி பந்தின் எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடிபட்டதும் எவ்வளவு வேகத்தில் கிளம்பலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. இருபதை ஒட்டிய ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) வைத்திருக்கும் என்னைப் போன்ற சாதாரண ஆட்டக்காரர்கள் தூர அடிக்கான டிரைவர் மட்டையால் அடிக்கும்போது, விலை உயர்ந்த பந்தும் மலிவான பந்தும் விழும் இடத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. முந்தின இரவு சரியாகத் தூங்கினோமா என்பதுதான் தெரியும். பந்துகளின் குணம் பிரிவது கிரீனுக்கு, அதாவது கொடி நட்ட குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, ஐம்பது கஜத்துக்குள் வந்த பிறகு.

பம்புகளுக்கு ரப்பர் சீல் வார்ப்பது என் தொழில். அதனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாசகங்களை நான் நம்புவதில்லை. பந்தை வைஸில் இறுக்கி ஹேக்ஸாவால் இரண்டாக அறுத்துப் பார்ப்பேன். மலிவு ரகமான காலவே சூப்பர்சாஃப்டை அறுத்தால் இரண்டே பாகம்: நடுவில் பெரிய ரப்பர் உருண்டை, அதன்மேல் ஐயனோமர் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் தடித்த ஓடு. பிளேடு ஓட்டின்மேல் முதலில் வழுக்கும், உருண்டைக்குள் நுழைந்ததும் மெத்தென்று இறங்கும். விலை உயர்ந்த டைட்லிஸ்ட் ப்ரோ வி1 மூன்று பாகம்: உருண்டை, அதைச் சுற்றிக் கெட்டியான ஐயனோமர் உறை, அதற்கும் மேலே ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத, யூரித்தேன் என்ற மென்மையான பிளாஸ்டிக் தோல். கத்தி முனையால் கீறினால் அந்தத் தோல் பிசிர் விடுகிறது, சூப்பர்சாஃப்டின் ஓட்டில் வெறும் கோடுதான் விழுகிறது. (வீட்டில் பழங்காலத்து நூல் சுற்றிய பந்து இருந்தால் அதை அறுத்துப் பார்க்க வேண்டாம். சிலவற்றின் நடுவில் திரவம் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும், கண்ணில் பீய்ச்சி அடிக்கும்.)

விலை ஏறுவதற்கு முக்கியக் காரணம் அந்தத் தோல்தான். ஐயனோமரை இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் மளமளவென்று அடித்துத் தள்ளிவிடலாம். வார்ப்பு யூரித்தேன் அச்சுக்குள் வேதிவினையால் இறுக வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும், தோல் எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் அமையாவிட்டால் பந்து கழிவுக்குத்தான் போகும். ஒரு மில்லிமீட்டருக்குள் இதைச் செய்து முடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அச்சு வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். அதற்குப் பலனும் இருக்கிறது. குறைந்த தூரத்துக்குத் தூக்கி அடிக்கும் வெட்ஜ் மட்டையின் முகத்திலுள்ள பள்ளக் கோடுகள் மெல்லிய தோலைக் கவ்விப் பின்சுழற்சி கொடுக்கின்றன. சிப் செய்த, அதாவது கிரீன் ஓரத்திலிருந்து சின்னதாகத் தூக்கி அடித்த பந்து ஒருமுறை குதித்து, தயங்கி, நின்றுவிடுகிறது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் ப்ரோ வி1 களத்துக்கு வந்ததும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நூல் சுற்றிய பந்துகளைத் தூக்கிப் போட்டதற்குக் காரணம், தூரமும் இந்தப் பிடிப்பும் ஒரே பந்தில் கிடைத்ததுதான்.

சரி, செட்டிபாளையத்துக்கு வருவோம். அங்கிருக்கும் கோவை கோல்ஃப் மைதானத்தில் ஆடுகிறவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது நாற்பத்தாறு கிராம் பந்து எம்மாத்திரம்? எதிர்க்காற்றில் சுழற்சி அதிகமான பந்து மேலே மேலே ஏறி, அங்கேயே நின்று, செங்குத்தாக விழும். இங்கே சூப்பர்சாஃப்ட் உண்மையிலேயே நன்றாக உழைக்கிறது. டிரைவரில் குறைவாகச் சுழல்வதால் காற்றில் அவ்வளவாக எகிறுவதில்லை, வலப்பக்கம் வளையும் ஸ்லைஸும் கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் பங்குனி, சித்திரையில் கிரீன் இறுகிக் கிடக்கும்போது அதே பந்தை உயரமாகச் சிப் செய்தால் கொடியைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். கிரீனுக்கு முன்னாலேயே விழவைத்து உருட்டிவிடத் தெரிந்தவருக்கு இது குறையே இல்லை. ஸ்ரிக்ஸன் சாஃப்ட் ஃபீலும் இதே இரண்டு பாக வகைதான், கிரீனில் உருட்டும் பட்டர் மட்டையில் கொஞ்சம் கெட்டியாகத் தட்டுப்படும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும், அவ்வளவே.

என் பையில் இப்போது இருப்பது டெய்லர்மேட் டூர் ரெஸ்பான்ஸ். மூன்று பாகம், யூரித்தேன் தோல், விலை மட்டும் ப்ரோ வி1-க்கும் சூப்பர்சாஃப்டுக்கும் இடையில். ஸ்ரிக்ஸன் கியூ-ஸ்டார் டூரும் இதே ரகம், எது கையிருப்பில் இருக்கிறதோ அதை வாங்கலாம். டூர் ரெஸ்பான்ஸ் காற்றில் சூப்பர்சாஃப்ட் அளவுக்கு அடக்கமாக இல்லை. கிரீன் ஓரத்தில் அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது, ஏனென்றால் என் ஆட்டத்தில் முதல் இரண்டு அடியில் கிரீனை எட்டுவது அபூர்வம், சிப்பும் பட்டர் அடியும்தான் ஸ்கோர் அட்டையை நிரப்புகின்றன. ப்ரோ வி1 இதைவிடச் சிறந்த பந்துதான், மறுக்கவில்லை. அந்தக் கூடுதல் சிறப்பைப் பயன்படுத்திக்கொள்ளும் கை என்னிடம் இல்லை.

கம்ப்ரெஷன் எண் பற்றிக் கிளப்பில் வாய்ச்சண்டையே நடக்கும். அது பந்து எவ்வளவு நசுங்கும் என்பதன் அளவு, எண் குறைந்தால் பந்து மென்மை: சூப்பர்சாஃப்ட் நாற்பதை ஒட்டியும், ப்ரோ வி1 தொண்ணூறை ஒட்டியும் இருக்கும். பிரிட்ஜ்ஸ்டோன் டிரைவர் வீச்சை அளந்து பந்தைப் பரிந்துரைத்துப் பெயர் வாங்கியது. டைட்லிஸ்டோ கிரீன் ஓரத்து அடிகளில் தொடங்கிப் பின்னோக்கி வந்து தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. நான் இரண்டாவது கட்சி. மெதுவாக வீசுகிறவர் மென்மையான பந்தைத்தான் வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தட்டும்போது கைக்கு எது இதமாக இருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை.

பணக் கணக்கு இப்படி. அமெரிக்காவில் ஒரு டஜன் ப்ரோ வி1 சுமார் 55 டாலர், சூப்பர்சாஃப்ட் சுமார் 25. இங்கே இறக்குமதிச் செலவு சேர்ந்து விலை மாறினாலும், ஒன்றின் விலையில் மற்றது இரண்டு கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தொலைந்த பந்தைத் தேட 2019 முதல் விதி கொடுப்பது மூன்றே நிமிடம். ஒரு சுற்றில் மூன்று நான்கு பந்தைப் புதருக்குத் தானம் செய்கிறவர் யூரித்தேன் பக்கமே போக வேண்டாம். ஒன்றோ இரண்டோ தொலைப்பவர் நடு விலைப் பந்துக்குத் தாராளமாக வரலாம்.

ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கேடிகள் தேடி எடுத்து விற்கும் பழைய பந்துகளிலும் நல்லது கிடைக்கும், பார்த்து வாங்க வேண்டும். எழுத்து தெளிவாக, மேற்பரப்பு பளபளப்பாக இருந்தால் எடுக்கலாம். புது வெள்ளை பூசியது என்று சந்தேகம் வந்தால் வெயிலில் சாய்த்துப் பிடித்துக் குழிகளைப் பாருங்கள். பெயிண்ட் தேங்கி விளிம்பு மழுங்கியிருக்கும். ப்ரோ வி1-இல் 388 குழிகள் இருக்கின்றன, காற்றைப் பிளந்துகொண்டு போக உதவுவது அவைதான். குழியே இல்லாத வழுவழுப்பான பந்து ஏறக்குறைய பாதி தூரம்தான் போகும். இணையத்தில் பாதி விலைக்கு யாரோ விற்கும் "புத்தம் புதிய" பெட்டிகளையும் இதே கண்ணோடு பாருங்கள்.

ஊட்டிக்கு ஆடப் போகிறவர்கள் தனிப் பந்து வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். உயரத்தில் காற்று லேசாக இருப்பதால் பந்து கூடுதலாகவே போகும், காலைக் குளிரில் ரப்பர் இறுகி அதில் கொஞ்சம் குறையும். முதல் சில ஹோல் (ஒரு சுற்றின் பகுதிகள்) வரை, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும்வரை பந்தைக் கால்சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், போதும்.

நிறத்தில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. ஆனால் கோடையில் காய்ந்த புல்லில் மஞ்சள் பந்து கண்ணுக்குத் தட்டுப்படுவதே இல்லை, வெள்ளைதான் சரி.

தண்ணீர் இருக்கும் ஹோல் வந்ததும் நல்ல பந்தைப் பையில் போட்டுவிட்டுப் பழையதை எடுக்கிறவர்கள் பலர். ஹோலுக்கு ஹோல் பந்தை மாற்ற எங்களைப் போன்றவர்களுக்கு விதி இடம் கொடுக்கிறது. அப்படி மாற்றத் தோன்றுகிறது என்றால், கையில் இருப்பது உங்கள் பட்ஜெட்டுக்கு மேற்பட்ட பந்து. அடுத்த முறை ஒரு படி கீழே வாங்குங்கள்.