மேடேறுவதா, ஒட்டுக் கட்டுவதா? சோதனைத் தரவு தேட ஐந்து வழிகள்

கும்பகோணத்தில் உட்கார்ந்து மென்பொருள் சோதனை வேலை பார்ப்பவன் நான். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் பிழையை எப்படித் தேடுவாய் என்று கேட்டால், பாதிப் பேர் 'மரபணு அல்காரிதம்' என்கிறார்கள். நல்ல விடைகளை ஒன்றோடொன்று ஒட்டுக் கட்டி, தலைமுறை தலைமுறையாகத் தேற வைக்கும் தேடல் முறை அது. பெயரில் இருக்கும் கவர்ச்சி அப்படி. அவர்களுக்காகவே ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன்.

நெல் கொள்முதல் ரசீதைச் சரிபார்க்கும் நிரல் அது. மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் சிப்பங்களின் எண்ணிக்கை (1 முதல் 1,000 வரை), எடை (1 முதல் 40,000 கிலோ வரை). சிப்பத்துக்கு 40 கிலோ. மூன்று வரிகளிலும் எடை கிலோ பிசகாமல் கணக்கோடு பொருந்தினால் மட்டும் நிரல் உள்ளே ஓரிடத்தில் செயலிழந்து விழுந்துவிடும். வேண்டுமென்றே வைத்த பிழை.

கொள்முதல் நிலையத்து வாசலில் ஒரு நாள் நின்றவர் யாராக இருந்தாலும் '10 சிப்பம், 400 கிலோ' என்று மூன்று முறை எழுதிப் போட்டு ஒரு நிமிடத்தில் பிழையைப் பிடித்துவிடுவார். கையால் எழுதும் சோதனையை இளக்காரமாகப் பேசுகிறவர்களுக்கு இதை முதலில் காட்டுவேன். அதன் குறை ஒன்றுதான்: எழுதுகிறவர் மனதில் உதிக்காதது சோதிக்கப்படுவதே இல்லை.

குருட்டாம்போக்கில் எண்களை எறிவது அடுத்த வழி. இதையும் குறைத்து எடை போடக் கூடாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர் குழு 1990-இல் வெளியிட்ட ஆய்வில், யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கருவிகளுக்குள் கண்டபடி எழுத்துகளைக் கொட்டியதற்கே சோதித்தவற்றில் கால் பங்குக்கும் மேல் விழுந்தன அல்லது உறைந்தன. என் ரசீதில் ஒரே ஒரு வரி இருந்தால் குருட்டு எறிதலில் வாய்ப்பு 40,000-இல் ஒன்று. கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம். மூன்று வரிகளும் ஒரே எறிதலில் பொருந்த வேண்டும் என்றால் 64 லட்சம் கோடியில் ஒன்று. நொடிக்குப் பத்து லட்சம் முறை எறிந்தாலும் சராசரியாக இரண்டு ஆண்டுகள் ஆகும்.

பரிணாமத்தின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. முதல் வரி பொருந்திய ரசீதைத் தூக்கி எறியாமல் விதைநெல் போலப் பத்திரப்படுத்துங்கள். அதில் இரண்டாம் வரியை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அது பொருந்தியதும் மூன்றாவது. 40,000 மூன்று முறை பெருகிய இடத்தில் இப்போது மூன்று முறை கூடுகிறது: 1,20,000. சரியாக இருந்த வரியையும் மாற்றம் சில நேரம் கெடுக்கும் என்பதால் நடைமுறையில் சில மடங்கு அதிகமாகும், போகட்டும். நிரலில் புதிய பாதையைத் திறந்த தரவையெல்லாம் இப்படிச் சேமித்து, மாற்றி மாற்றிப் பார்க்கும் கருவிதான் மிகாவ் சலேவ்ஸ்கி 2013-இல் வெளியிட்ட ஏஎஃப்எல். 'ஹலோ' என்ற ஒரு சொல்லை மட்டும் விதையாகக் கொடுத்து, செல்லுபடியாகும் ஜேபெக் படங்களையே அது உண்டாக்கியதை மறு ஆண்டு அவர் எழுதிக் காட்டினார்.

ஆனால் என் ரசீதில் வெற்றி இதற்கும் இல்லை, மேடேறலுக்கு: இலக்கை நெருங்கும் திசையில் அடி அடியாகப் போகும் முறை. 100 சிப்பம், 4,500 கிலோ என்றால் கணக்குக்கும் எடைக்கும் இடைவெளி 500. எடையை 1 குறைத்தால் 499. திசை சரி என்று தெரிந்ததும் 2, 4, 8 என்று அடியை இரட்டித்துக்கொண்டே போகலாம். தாண்டிவிட்டால் மறுபடி 1-இலிருந்து. ஒரு வரிக்குச் சில பத்து முயற்சிகள் போதும். போக்டன் கோரெல் 1990-இல் சொன்ன முறை இது. தலைமுறையும் தேவையில்லை, ஒட்டும் தேவையில்லை. நிரல் 'எவ்வளவு நெருங்கினாய்' என்று எண்ணாகச் சொன்னால் நான் முதலில் எடுப்பது இதைத்தான். நிரலாளர் அந்தக் கணக்கை 'சரி / தவறு' என்ற ஒற்றை விடையாக மாற்றி வைத்துவிட்டால் ஏறுவதற்கு மேடே இல்லை. வயல்வெளி போல எல்லாம் சமதரை.

அப்படியானால் ஜான் ஹாலண்ட் 1975-இல் நூலாக எழுதிய மரபணு அல்காரிதத்துக்கு வேலை எங்கே? எனக்கு விடை கிடைத்தது ரசீதில் இல்லை, தண்ணீரில்.

வெண்ணாற்றுக் கிளை ஒன்றைக் கற்பனையாக வைத்து, பன்னிரண்டு மதகுகளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் கணினி மாதிரி ஒன்றை எழுதினேன். அதை ஒரு தடவை ஓட்ட ஒரு நிமிடம். இங்கே மேடேறல் சீக்கிரம் முட்டி நின்றது: ஒரு மதகை மட்டும் கூட்டினால் அடுத்தது வாடுகிறது, இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால்தான் நிலைமை தேறும். மரபணு அல்காரிதத்தின் ஒட்டு முறையோ, எந்த மதகு எப்போது திறக்கும் என்ற ஒரு அட்டவணையின் மேல்மடைப் பாதியையும் இன்னொன்றின் கீழ்மடைப் பாதியையும் இணைத்துப் பார்க்கிறது. ஜப்பானிய நெல்லையும் நம்மூர் நெல்லையும் இணைத்து, 1960-களில் வானொலி வழியே பரவியதால் 'ரேடியோ நெல்' என்று பெயர் வாங்கிய ஆடுதுறை 27-ஐத் தந்த அதே வித்தை. 50 அட்டவணைகள், 100 தலைமுறைகள்: 5,000 நிமிடங்கள், மூன்றரை நாள். விலை அதிகம்தான்.

முதல் விடையில் கடைசி வாய்க்காலுக்குப் பூஜ்யம். மொத்தப் பற்றாக்குறையைக் குறைக்கச் சொல்லியிருந்தேன். வழியில் கசிவு அதிகம் என்று கடைமடையை அது ஒரேயடியாகக் கைகழுவிவிட்டது. தலைஞாயிற்றிலிருந்து வந்திருந்த பெரியப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தக் கம்ப்யூட்டர் மேல்மடைக்காரன் வீட்டுப் பிள்ளையா?"

அளவுகோலை மாற்றினேன். மிக அதிகம் வாடும் வாய்க்காலின் பற்றாக்குறையைக் குறை என்றேன். மூன்றரை நாள் கழித்து எல்லா வாய்க்காலும் நிரம்பி வழிந்தது. பன்னிரண்டு மதகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஆளுக்கு ஒரு நிமிடம் திறந்திருந்தன. என் மாதிரி, ஒரு நிமிடம் திறந்தாலும் அதை ஒரு மணி நேரமாக மேல்நோக்கி முழுமையாக்கிக் கணக்கிட்டிருக்கிறது. கையால் எழுதிய சோதனைகளில் நான் எப்போதும் முழு மணி நேரமே கொடுத்திருந்ததால் இந்த ஓட்டை கண்ணில் படவே இல்லை.

ஜெர்மனியில் தானாகக் கார் நிறுத்தும் அமைப்பை வேகனரும் ப்யூலரும் 2004-இல் சோதித்தபோது, மோதலுக்கு எவ்வளவு அருகே போகிறது என்பதையே அளவுகோலாக வைத்தார்கள். அளவுகோலைத் துரத்தவிட்டுப் பிழையைப் பிடிப்பதை அவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள், நான் தற்செயலாகச் செய்திருக்கிறேன். அந்த ஒரு நிமிட அட்டவணையை அழிக்கவில்லை. மாதிரியில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் ஓட்டுகிறேன்.