கொலாரெஸ்: கடற்கரை மணலில் விளையும் ஒயின்

கொலாரெஸின் செந்நிற ஒயினை முதன்முதலில் சுவைத்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. லிஸ்பனில் ஓர் உணவகத்தில், சில ஆண்டுகளே ஆன பாட்டில் ஒன்றைத் திறந்து, காற்றுப்பட விடாமல் அப்போதே ஊற்றிக் கொடுத்தார்கள். முதல் வாய் உள்ளே போனதும் இளம் வாழைப்பூவை மென்றதுபோல் நாக்கு இறுகிப்போனது. அந்தத் துவர்ப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. விளையும் நிலத்தை நேரில் பார்த்து, அதே திராட்சையில் ஆன வயதான பாட்டில் ஒன்றைப் பொறுமையாகக் குடித்த பிறகே இதை எழுதுகிறேன்.

லிஸ்பனுக்கு மேற்கே, சிந்த்ரா மலை அட்லாண்டிக் கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் பகுதியில், ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்கு எல்லையான ரோக்கா முனைக்கு வடக்கே கொலாரெஸ் இருக்கிறது. சிந்த்ராவிலிருந்து பிராயா தாஸ் மசான்ஸ் கடற்கரைக்கு ஓடும் பழைய டிராம் வண்டி இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. கடலிலிருந்து வரும் பனிமூட்டம் கோடையிலும் காலை வேளைகளில் நிலத்தின் மேல் தங்கிவிடுகிறது. காற்று உப்போடு வீசுகிறது. வெயில் உள்நாட்டில் அடிப்பதுபோல் அடிப்பதில்லை. அதனால் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது, சர்க்கரை அளவாகவே ஏறுகிறது, புளிப்பு குறையாமல் நிற்கிறது. போர்த்துகலின் உட்பகுதிகளிலிருந்து வரும் கனமான செந்நிற ஒயின்களுக்குப் பழகியவர்கள் இதை மெலிந்தது என்று நினைக்கக்கூடும். மதுச்சத்து குறைவாக இருப்பதையும் சுவை நீண்டு நிற்பதையும் நான் இதன் சிறப்பாகவே கருதுகிறேன்.

ஆனால் இந்த ஒயினின் குணத்தைத் தீர்மானிப்பதில் காற்றைவிட மணலுக்கே பங்கு அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்செரா என்னும் வேர் உறிஞ்சும் பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஐரோப்பியக் கொடிகளை ஒட்டுக்கட்டிய பிறகே அவை பிழைத்தன. இன்று உலகின் பெரும்பாலான ஒயின் அப்படி ஒட்டுக்கட்டிய கொடிகளிலிருந்தே வருகிறது. கொலாரெஸில் அதற்குத் தேவை ஏற்படவில்லை. தளர்ந்த கடல் மணலில் அந்தப் பூச்சியால் ஒரு வேரிலிருந்து இன்னொரு வேருக்கு நகர முடியவில்லை. ஆகவே இங்குள்ள மணல் தோட்டங்களில் ராமிஸ்கோ என்னும் கருந்திராட்சையும் கொலாரெஸ் மல்வாசியா என்னும் வெண்திராட்சையும் இன்றுவரை தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

பூச்சியிடமிருந்து காத்த அதே மணல் கொடிக்கு உணவு தருவதில்லை. ஈரமும் சத்தும் அடியில் உள்ள களிமண்ணில்தான் இருக்கின்றன. நடவு செய்கிறவர்கள் மணலைத் தோண்டி, களிமண் தட்டுப்படும் வரை கீழே இறங்கி, அங்கே கொடித்தண்டை ஊன்றிவிட்டு மேலே வரவேண்டும். ஓரிடத்தில் ஓர் ஆள் ஆழம் போதும்; வேறிடத்தில் அதைப்போலப் பல மடங்கு தோண்டவேண்டும். மணல் சரிந்து மூடினால் மூச்சுவிட இடம் இருக்கவேண்டும் என்பதற்காக, பழைய நாளில் குழிக்குள் இறங்குகிறவர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு வேலை செய்தார் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு இந்த பாட்டிலின் விலையைப் பற்றி நான் பேரம் பேச நினைக்கவில்லை.

நான் பார்த்த தோட்டங்களில் பந்தல் இல்லை, கம்பி இல்லை. பூசணிக்கொடி போலத் தரையோடு படர்ந்து கிடந்த கொடிகளைத் திராட்சை என்று சொன்னால்தான் நம்ப முடிந்தது. எழுந்து நின்றால் காற்று முறித்துவிடும் என்பதால் அவற்றைப் படரவிடுகிறார்கள். அதற்கும் மேல் காப்பாக, உலர்ந்த நாணலைத் தட்டியாகக் கட்டி, தோட்டத்தைச் சிறுசிறு அறைகளாகத் தடுத்து வைத்திருக்கிறார்கள். பகலில் மணல் வாங்கிய சூடு குலைகளைப் பழுக்கவைக்கிறது. ஆனால் பழுக்கும் பருவத்தில் அதே சூடு பழத்தைச் சுட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு கிளையின் கீழும் சிறு நாணல் குச்சியை முட்டுக் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறார்கள். குனிந்தபடியே செய்யவேண்டிய வேலை இது. இயந்திரம் உள்ளே போக வழியே இல்லை. இவ்வளவு உழைத்தும் விளைச்சல் சொற்பம்.

ராமிஸ்கோ சிறிய பழம், தடித்த தோல். துவர்ப்பு பெரும்பாலும் அந்தத் தோலிலிருந்து வருகிறது. நான் ஊரிலேயே குடித்த பாட்டில் பத்து ஆண்டுகளைத் தாண்டியது. நிறம் மாதுளைச் சாற்றிலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்திருந்த பிறகு, புளிப்புச் செர்ரியும், மரப்பிசினும், மழைக்குப் பின் எழும் மண்வாடையும் தனித்தனியாகத் தெரிந்தன. துவர்ப்பு இருந்தது, ஆனால் அது இப்போது சுவையைத் தாங்கிப் பிடித்தது. விழுங்கிய பின் உதட்டில் மெல்லிய உப்பு தங்கியது. சுட்ட ஆட்டிறைச்சியோடு குடித்தபோது கொழுப்பும் துவர்ப்பும் ஒன்றையொன்று அடக்கி, இரண்டும் சுவை கூடின. இதை இளமையில் திறப்பது பிஞ்சைப் பறிப்பதற்குச் சமம் என்றே நினைக்கிறேன்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு மல்வாசியாவைப் பரிந்துரைக்கிறேன். மல்வாசியா என்ற பெயரில் தென் ஐரோப்பாவெங்கும் பல திராட்சைகள் இருந்தாலும், கொலாரெஸில் விளைவது தனி வகை. வெளிர் பொன்னிறம், நாரத்தைத் தோலின் மணம், லேசான தேன்மெழுகு வாசம், முடிவில் சிப்பியைத் திறந்ததும் எழும் கடல்நீரின் உப்பு. கரியில் சுட்ட மத்தி மீனோடு இதைக் குடித்த மதிய உணவு, அந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் நிறைவு தந்தது. அளவுக்கு மீறிக் குளிரவைத்தால் அந்த உப்பும் மணமும் அடங்கிப்போகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சற்று நேரம் கழித்து ஊற்றுவது நல்லது.

1931-ல் தொடங்கிய கொலாரெஸ் கூட்டுறவு ஒயின் ஆலையை அவசியம் பார்க்கவேண்டும். நீண்ட கூடத்தின் இருபுறமும் ஆளுயரத்தைத் தாண்டிய பழைய மரப்பீப்பாய்கள் வரிசையாக நிற்கின்றன. பீப்பாய் என்ற நம் சொல்லே ‘பிப்பா’ என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லின் சொந்த வீட்டுக்குள் நிற்கிறோம் என்ற எண்ணம் எனக்கு மகிழ்ச்சி தந்தது. இவர்களுடைய ‘அரேனே’ என்ற பெயரில் வரும் ராமிஸ்கோவும் மல்வாசியாவும் அரை லிட்டர் பாட்டில்களில் கிடைக்கின்றன. அல்மோசஜெமெ ஊரில் 1808-லிருந்து இருக்கும் வியூவா கோமெஸ் நிறுவனத்தின் ஒயின்களும் தேடிப் பார்க்கத் தக்கவை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கொலாரெஸ் என்ற பெயர், எல்லை வகுத்த இந்த வட்டாரத்தின் ஒயினுக்கு மட்டுமே உரியதாக 1908-லிருந்து சட்டக் காப்புப் பெற்றது. பாட்டிலில் ஒட்டிய சிட்டையில் அந்தப் பெயர் இருந்தால்தான் மணல் நிலத்து ராமிஸ்கோவோ மல்வாசியாவோ கிடைக்கும். ‘ஷாவ் ரிஜு’ என்று போட்டிருப்பது அதே வட்டாரத்தின் கெட்டி மண்ணில் விளைந்தது. அது விலை குறைவு, அன்றாட உணவோடு குடிக்க நல்லது, ஆனால் இங்கே நான் விவரித்த சுவை அதில் இல்லை.

விலை கூடுதல்தான். அரை லிட்டருக்கு, வேறு போர்த்துகல் ஒயினின் முழு பாட்டிலுக்குக் கொடுப்பதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுக்கவேண்டியிருக்கும். ஆனால் மணல் தோட்டங்களில் எஞ்சியிருப்பவை சில பத்து ஹெக்டேர்களே. லிஸ்பனுக்கு இவ்வளவு அருகில், கடலைப் பார்த்த நிலம் திராட்சைக்கு இருப்பதைவிட வீடு கட்டுவதற்கே அதிக விலை போகிறது. நாணல் தட்டிக்கு அடுத்த மனையிலேயே புதுச் சுவர்கள் எழுவதை நான் பார்த்தேன். அந்த நிலையிலும் குச்சி முட்டுக் கொடுத்துக் குலைகளைத் தூக்கிவிடும் குடும்பங்கள் பாட்டிலுக்குக் கேட்கும் விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் இரண்டு மல்வாசியாவும் மூன்று ராமிஸ்கோவும் வாங்கிவந்தேன். மல்வாசியா இரண்டும் தீர்ந்துவிட்டன. ராமிஸ்கோ மூன்றும் அலமாரியின் இருட்டுத் தட்டில் படுக்கவைத்தபடி இருக்கின்றன. முதலாவதை இன்னும் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் திறக்கப்போகிறேன்.