கேமரா வைத்த காரில் முன்கண்ணாடி மாற்றம்: ஓராண்டுக்குப் பிறகு என் அனுபவம்

விரிசல் விட்ட முன்கண்ணாடியை மாற்றி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கொளுத்தும் வெயில், அடைமழை, இரவுப் பயணம், நெடுஞ்சாலை என எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்துவிட்டதால் இப்போது நம்பிக்கையோடு எழுத முடிகிறது. கண்ணாடி நன்றாகவே அமைந்திருக்கிறது. ஆனால் என் திருப்திக்குப் பெரும்பங்கு காரணம், அதன் பின்னால் உட்கார்ந்து, தானாக பிரேக் பிடிக்கவும் எச்சரிக்கவும் சாலையைக் கவனிக்கும் கேமராவை மறுபடி நேராகப் பார்க்க வைத்த வேலைதான். கண்ணாடியை ஒட்டிக் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். அந்த இரண்டாவது வேலையைப் பொறுப்பாகச் செய்கிறவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

முன்னால் போன லாரியிலிருந்து தெறித்த கல்லால் விழுந்தது முதலில் ஒரு சிறு குழிதான். இப்படிப்பட்ட குழிக்குள் பிசினைச் செலுத்தி அடைத்துவிட முடியும். தொழிற்சாலையில் ஒட்டிய கண்ணாடியைப் பிரிக்காமலே தப்பிக்க அது நல்ல வழி. அதுவரை தூசியும் ஈரமும் புகாமல் மேலே டேப் ஒட்டி வைப்பது உதவும். என் காரில் குழி கண்ணாடியின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் விழுந்ததால் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. விளிம்பருகே தொடங்கும் விரிசல் வெயிலுக்கும் ஏசி குளிருக்கும் இடையில் விரைவாக நீளும். எனக்கும் அது கேமராவின் பார்வைப் பரப்புக்குள் போய்விட்டது. பிசின் அடைத்த இடத்தில் மெல்லிய தழும்பு எஞ்சும் என்பதால், ஓட்டுநரின் நேர்பார்வையிலும் கேமராவுக்கு முன்னாலும் அந்தச் சிகிச்சையைச் செய்வதில்லை. மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எந்தக் கண்ணாடியை வாங்குவது என்பதில்தான் முதல் குழப்பம். ஒரே மாடல் காருக்கே பல வகைகள் இருக்கின்றன: மழை சென்சாருக்கு இடம் விட்டவை, கேமரா தாங்கி ஒட்டியவை, சத்தத்தைக் குறைக்கும் நடுப்படலம் உள்ளவை, வைப்பர் தங்கும் இடத்தில் சூடேற்றும் கம்பி ஓடுபவை, வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு கொண்டவை. வேகத்தைக் கண்ணாடியிலேயே காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே உள்ள காருக்கு நடுப்படலம் ஆப்பு வடிவில், மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் இரட்டையாகத் தெரியும். ஆகவே மாடலின் பெயரைச் சொல்லி ஆர்டர் கொடுப்பது போதாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பழைய கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருக்கும் குறிகளோடு ஒப்பிட்டுத்தான் வாங்கினேன். கார் நிறுவனத்தின் முத்திரை கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கேமரா தாங்கி அதே அளவில், அதே கோணத்தில் இருக்க வேண்டும். கேமரா பார்க்கும் பகுதியில் நெளிவு கூடாது. இவ்விரண்டிலும் விட்டுக்கொடுக்க முடியாது.

முன்கண்ணாடி வெறும் ஒற்றைத் தகடு அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பாலிவினைல் பியூட்டிரல் என்ற பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிமனில், ஒட்டியிருக்கிறது. உடைந்தாலும் துண்டுகள் முகத்தில் கொட்டாமல் இருப்பது அதனால்தான். பல கார்களில் முன்பயணியின் ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில்தான் முட்டுக்கொடுக்கிறது. கார் கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. இவ்வளவையும் பிடித்து வைத்திருப்பது ஓரத்தில் ஓடும் யுரேத்தேன் பசை. பழைய பசையை அடியோடு சுரண்டாமல் மெல்லிய அடுக்காக விட்டு அதன்மேல் புதியதை இட்டார்கள். கத்தி பட்டுப் பெயின்ட் உரிந்த ஓரிடத்தில் பிரைமர் பூசினார்கள். அந்த இடத்தை அப்படியே விட்டிருந்தால் துருப்பிடித்து, பசையே பிடி இழந்துவிடும். இந்த வகைப் பசை காற்றின் ஈரப்பதத்தால் இறுகுகிறது. எப்போது வண்டியை எடுக்கலாம் என்பது பசையின் வகை, வெப்பநிலை, ஈரப்பதம் மூன்றையும் பொறுத்தது. சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் போதும், சிலவற்றுக்குப் பல மணி நேரம் வேண்டும். அவசரப்படுத்தாமல் அவர்கள் சொன்ன நேரம்வரை காத்திருந்தேன். கதவை அறைந்து சாத்தினால் உள்ளே எழும் காற்றழுத்தம் ஈரப் பசையைத் தள்ளும் என்பதால் முதல் நாள் ஜன்னலைச் சற்று இறக்கியே வைத்திருந்தேன்.

இனி கேமரா. முன்னால் போகும் வண்டியைக் கண்டு தானாக பிரேக் பிடிப்பது, தடக்கோட்டைத் தாண்டினால் எச்சரிப்பது, எதிரே வண்டி வந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்துவது எல்லாம் என் காரில் இதன் கண்ணை நம்பித்தான் நடக்கின்றன. கண்ணாடியைப் பிரித்து வேறொன்றை ஒட்டும்போது அதன் கோணம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறலாம். ஒரே ஒரு டிகிரி பிசகினால் 100 மீட்டர் தொலைவில் சுமார் 1.75 மீட்டர் விலகல் வரும். 3.5 மீட்டர் அகலமுள்ள தடத்தில் அது சரிபாதி. பக்கத்துத் தடத்து வண்டியை நம் தடத்தில் இருப்பதாகக் கேமரா கருதிவிட இது போதும்.

ஒரு பட்டறையில், “எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்றால் காலிபரேஷன் தேவையில்லை” என்று உறுதியாகச் சொன்னார்கள். காலிபரேஷன் என்பது எது நேர் என்று கேமராவுக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலை. இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. கேமரா இயங்கவில்லை என்றால் விளக்கு எரியும். இயங்கிக்கொண்டே சற்றுக் கோணலாகப் பார்த்தால் எரியும் என்று எந்த உறுதியும் இல்லை. ஆபத்தான நிலை அதுதான். உயிர் காக்கும் கருவியைப் பற்றி இப்படி அலட்சியமாகப் பேசுகிறவர்களிடம் கண்ணாடியைக்கூட ஒட்டக் கொடுக்கக் கூடாது என்று வேறிடம் போனேன்.

காலிபரேஷன் இரண்டு வகை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, அதன் நடுக்கோட்டிலிருந்து அளந்த தூரத்தில் குறிப்பலகையை வைத்துச் செய்வது ஒன்று. கணினிக் கருவியை இணைத்துக்கொண்டு, கோடுகள் தெளிவாக உள்ள சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செய்வது மற்றொன்று. எது வேண்டும் என்பதைக் கார் தயாரிப்பாளர்தான் வகுத்திருப்பார். சில கார்களுக்கு இரண்டும் வேண்டும். என் காருக்குப் பலகை முறை. தொடங்கும் முன் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்தார்கள், டிக்கியிலிருந்த சாமான்களை இறக்கச் சொன்னார்கள், தரைமட்டத்தைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். கார் ஒரு பக்கம் தாழ்ந்து நின்றால் கேமராவும் அந்தச் சாய்வையே நேர் என்று கற்றுக்கொள்ளும். முடிந்ததும் தேதியோடு அச்சிட்ட அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். காப்பீட்டில் கண்ணாடிக்கு ஈடு கிடைத்தாலும் காலிபரேஷனுக்குத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கலாம். வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

அதன் பிறகு ஓட்டியதில் கேமரா ஒருமுறைகூடச் சந்தேகம் கொள்ள வைக்கவில்லை. தடக்கோட்டை நெருங்கும்போது இரு பக்கமும் ஒரே அளவில் எச்சரிக்கிறது. வளைவுகளில் கார் முன்பு போலவே தடத்தின் நடுவில் நிற்கிறது. காலையில் தாழ்வான சூரியன் நேரே அடிக்கும்போது சில கணங்கள் கேமரா இயங்காது என்று செய்தி வருகிறது. பழைய கண்ணாடியிலும் அப்படித்தான் வரும், மாற்றியதன் குற்றமில்லை.

சிக்கல் கொடுத்தது மழை சென்சார். அது கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வரும் அளவைப் பார்க்கிறது. வெளியே துளி விழுந்தால் ஒளியில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறிவிடும். குறைவுக்கு ஏற்ப வைப்பர் ஓடும். சென்சாருக்கும் கண்ணாடிக்கும் இடையே தெளிவான ஜெல் படலம் இருக்கிறது. மாற்றிய சில வாரங்களில், துளி நீர் இல்லாத வெயிலில் வைப்பர் தானாக ஓடத் தொடங்கியது. வெளியிலிருந்து உற்றுப் பார்த்தால் ஜெல்லில் காற்றுக் குமிழி தெரிந்தது. பழைய ஜெல்லையே மறுபடி ஒட்டியிருந்தார்கள். மறுப்பு சொல்லாமல் புதியதைப் போட்டுக் கொடுத்தார்கள். அன்று முதல் தூறலுக்கும் கனமழைக்கும் சரியாக வேறுபாடு காட்டுகிறது. புது ஜெல்லையும் புது வைப்பர் ரப்பரையும் முதலிலேயே பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பழைய ரப்பரில் ஒட்டியிருக்கும் மணல் புதுக் கண்ணாடியைக் கீறிவிடும்.

அடைமழையில் நின்ற பிறகு பலமுறை கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன், ஈரம் இல்லை. வேகத்தில் காற்றின் சீழ்க்கையும் கேட்கவில்லை. ஒரே குறை, பயணி பக்கத்துக் கீழ்மூலையில் தலையை அசைத்தால் மின்கம்பம் லேசாக நெளிவது போலத் தெரிகிறது. ஓட்டுநருக்கும் கேமராவுக்கும் அது குறுக்கே வராததால் விட்டுவிட்டேன்.

அண்மையில் வீல் அலைன்மென்ட் செய்யப் போனபோதும் அந்தக் காலிபரேஷன் அறிக்கையை எடுத்துப் போனேன். பின்சக்கரங்களின் கோணத்தைத் திருத்தினால் கார் நேராகப் போகும் திசையே சற்று மாறும்; கேமரா கற்றுவைத்த நேர் அதோடு பொருந்தாமல் போகலாம். பின்பக்கத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. தொட்டிருந்தால் அன்றே மறுபடி பலகை முன் நிறுத்தியிருப்பேன்.