குமிழ் ஷீட்: மண் ஏற்றும் சுவருக்கு வாங்கலாமா?

கறுப்பு அல்லது பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் முழுக்கக் குமிழ் குமிழாக, சுருளாக விற்கும் ஹெச்டிபிஇ என்ற கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் இது. தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், குமிழின் உயரம் பெரும்பாலும் 8 மி.மீ. கம்பெனி மாறினாலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கலாம். ஆனால் ஈரத்தை இதுவே தடுத்துவிடும் என்று நம்பி வாங்கினால் காசு மண்ணோடு போகும். ஈரத்தைத் தடுப்பது சுவரில் பூசும் தார்ப்பூச்சு. அதைக் கல்லும் வேரும் கிழிக்காமல் காப்பதும், சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விடுவதும்தான் ஷீட்டின் வேலை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் சாட்ஸ்வர்த் போன்ற சரிவான பகுதிகளில், பந்தல் போடவோ பக்கி என்ற சின்ன லாரி நிறுத்தவோ பின்கட்டில் மண் கொட்டிச் சமப்படுத்துவது சாதாரணம். சுவரின் அடியில் டிபிசி என்ற ஈரத்தடுப்புப் பட்டை ஓடுகிறது. வெளித்தரை அதற்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும் என்பது இங்குள்ள கட்டட விதி. மண் பட்டைக்கு மேலே ஏறிவிட்டால், ஈரம் பட்டையைத் தாண்டி நேரே மேல் வரிசைச் செங்கலுக்குள் போய்விடும். உள்ளே பெயிண்ட் கொப்புளிக்கும், சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை வீங்கும், பிளாஸ்டரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அப்புறம் உள்பக்கம் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் நிற்காது.

ஷீட்டை விரிக்கும் முன் சுவரைத் தயார் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. அஸ்திவாரத்தின் மேல்மட்டம் வரை தோண்ட வேண்டும், அதற்குக் கீழே போகக்கூடாது. நீளம் முழுவதையும் ஒரே நாளில் திறந்து போடாமல் இரண்டு மூன்று மீட்டராகச் செய்வது நல்லது. பழைய பெயிண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும், ஏனென்றால் பெயிண்டின் மேல் பூசிய தார் பெயிண்டோடு சேர்ந்தே உரிந்து வரும். தட்டினால் டொக் டொக் என்று கேட்கும் பிளாஸ்டரை உடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சுவரும் அஸ்திவாரமும் சேரும் மூலையில் 50 மி.மீ. அளவுக்குச் சிமெண்டுக் கலவையைச் சாய்வாக வைத்தால்தான் பூச்சு அங்கே வெடிக்காது.

தார்ப்பூச்சுக்குத் தண்ணீரில் கரைத்த தாரான பிட்டுமன் எமல்ஷன் என்றால் மூன்று கை பூசுங்கள். பூசும்போது பழுப்பாக இருக்கும், காய்ந்தால் கறுப்பாகும். முழுக்கக் கறுத்த பிறகே அடுத்த கை. பழுப்பு மாறும் முன் மழை பிடித்தால் அப்படியே கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதத்தை ஒட்டிச் செய்யுங்கள். இங்கே அதுதான் வறண்ட காலம். டிசம்பர் லீவில் ஆரம்பிக்கிறவர்களுக்குப் புழுக்கமும் மழையும்தான் மிச்சம்.

அதிகம் பேர் கோட்டை விடுவது ஷீட்டை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதில். வெறும் ஷீட் என்றால் குமிழ்கள் சுவரைப் பார்க்க வேண்டும், வழவழப்பான முதுகு மண்ணைப் பார்க்க வேண்டும். துணி ஒட்டி வரும் ரகத்தில் இது தலைகீழ்: துணியும் குமிழும் மண்ணுப் பக்கம். வெறும் ஷீட்டைக் குமிழ் வெளியே தெரிய மாட்டினால் குழிகளில் மண் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் வடிய வழி இருக்காது. சுருளின் மேலட்டையில் படம் இருக்கும். கடையில் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குகிறவர்களுக்கு அந்த அட்டை கிடைப்பதில்லை, மேல்விளிம்பை மூடும் பட்டையும் கிடைப்பதில்லை. இது இந்தச் சரக்கை விற்கும் முறையில் உள்ள பெரிய குறை. அந்தப் பட்டை இல்லாமல் விட்டால் மேலிருந்து மண் உதிர்ந்து ஷீட்டின் பின்னால் நிரம்பிவிடும். பட்டையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

ஆணி அடிப்பது மேல்விளிம்பில் மட்டும், புதிய மண்மட்டத்துக்கு மேலே, 300 மி.மீ.க்கு ஒன்று. கீழே ஓர் ஆணி அடித்தாலும் பூசிய தாரில் ஓட்டை. இணைப்பில் குமிழைக் குமிழுக்குள் அழுத்தி, 200 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, ரப்பர் போன்ற பியூட்டைல் டேப் ஒட்ட வேண்டும். மூலையில் வெட்டாதீர்கள், மடித்துத் திருப்புங்கள். கறிவேப்பிலையோ மாமரமோ பக்கத்தில் இருந்தால் வேர் ஷீட்டைத் துளைக்காது, ஆனால் டேப் இல்லாத இணைப்பைத் தேடிப் பிடித்து நுழையும்.

வடிந்த தண்ணீர் போக அடியில் குழாய் இல்லையென்றால் மேலே செய்ததெல்லாம் வீண். துளையிட்ட 110 மி.மீ. குழாய், சுற்றிலும் 19 மி.மீ. கல், வெளியே தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. மேட்டுப்பகுதிகளில் உள்ள, பெரியா (Berea) என்று பெயர் பெற்ற சிவப்பு மணலில் நுண்ணிய களிமண் கலந்திருக்கிறது, துணி இல்லாவிட்டால் அது கல்லிடுக்கை அடைத்துவிடும். நூறுக்கு ஒன்று சாய்வு, அதாவது 10 மீட்டருக்கு 100 மி.மீ. சமையலறைக் கழிவுநீர் இறங்கும் கல்லியில் (வீட்டுக்கு வெளியே உள்ள சாக்கடை வாயில்) இதைக் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். மழைத்தண்ணீரைச் சாக்கடைக் குழாயில் விட நகராட்சி விதி இடம் தராது, பெருமழையில் அது எதிர்த்துக்கொண்டும் வரும்.

10 மீட்டர் சுவர், பழைய தரைக்குக் கீழே 400 மி.மீ., ஏற்றும் மண் 450 மி.மீ., அதற்கு மேலே 150 மி.மீ. என்று வைத்தால் ஷீட்டின் உயரம் 1 மீட்டர். அதாவது 10 சதுர மீட்டர், இணைப்பும் மூலையும் சேர்த்து 11. எமல்ஷன் ஒரு கைக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டருக்குக் கிட்ட, ஆக மூன்று கைக்கு 30 லிட்டர். கல் முக்கால் கன மீட்டருக்குச் சற்று மேல், துணி 15 சதுர மீட்டர். மண்ணை 150 மி.மீ. அடுக்குகளாகப் போட்டுக் கைத்திமிசால் இடியுங்கள், சுவரோரம் இயந்திரம் வேண்டாம். கட்டட இடிபாடுகளைக் கொட்டவே கூடாது. மேற்பரப்பு முதல் 1.5 மீட்டரில் 75 மி.மீ. வெளிப்பக்கம் சாயட்டும்.

பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு: ஷீட்டின் பின்னால் கறையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. மண் மூடும் முன் கறையான் மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள், ஷீட்டின் மேல்விளிம்பை எப்போதும் வெளியே தெரிகிற மாதிரி விடுங்கள்.

பலகைத் தரை போட்ட பழைய வீடுகளில் சுவரடியில் காற்றுத் துளைச் செங்கல் இருக்கும். அதை மூடும் உயரத்துக்கு மண் வருகிறது என்றால் இந்தச் சரக்கை வாங்கவே வேண்டாம். துளை அடைபட்டால் பலகை அடியிலிருந்தே உளுத்துப்போகும். 140 மி.மீ. பிளாக் சுவரும் மண்ணைத் தாங்கக் கட்டியது அல்ல, முழங்காலுக்கு மேல் மண் ஏற்றுவதென்றால் முதலில் இன்ஜினியரைக் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் சுவரிலிருந்து 600 மி.மீ. தள்ளிச் சின்னத் தடுப்புச் சுவர் கட்டி, நடுவே பழைய மட்டத்திலேயே சிமெண்டுத் தளமும் வடிகாலும் விடுவதுதான் சரி. இடம் கொஞ்சம் போகும், ஆனால் ஷீட்டே தேவைப்படாது.